ஏஜென்ட் அக்கா சொன்ன சீன்

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது போன் வரும். "இன்னாத்துக்குடி என் பேர போட்ட? சீனு இன்னா?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு இன்றைக்கும் தெம்பு கிடையாது. ஆரணியில் எல்லாரும் கூப்பிட்ட மாதிரி ஏஜென்ட் அக்கா என்றே வைத்துக்கொள்கிறேன்.

சினிமாவுக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுப்பது அவருடைய தொழில். சந்தைக்கு ஐம்பது பேர், சாவு வீட்டுக்கு முப்பது பேர், கலவரத்துக்கு இருநூறு பேர் என்று சென்னையிலிருந்து போன் வரும். ஆரணியிலும் கண்ணமங்கலம், கலசப்பாக்கம் பக்கத்து ஊர்களிலும் ஆள் திரட்டி வேனில் ஏற்றிக்கொண்டு போய் நிறுத்துவார். சாயங்காலம் தலையை எண்ணித் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்.

நான் அப்போது பி.காம். முடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தேன். கூட்டத்தில் நிற்கிறவர்களின் ஆதார் நகலைக் கம்பெனிக்குக் கொடுக்கவேண்டும் என்பதால் அக்கா அடிக்கடி வருவார். ஒரு பிளாஸ்டிக் கவரில் எழுபது எண்பது அட்டைகள் இருக்கும். மெஷினை ஒட்டியே நின்று ஒவ்வொரு அட்டையும் உள்ளே போய் வெளியே வரும்வரை கண்ணை எடுக்கமாட்டார். தவறிப்போய் ஒரு நகல் கூடுதலாக விழுந்தால் கேட்டு வாங்கிக் கிழித்துப் போடுவார்.

"நான் இதை வச்சிகினு என்னாக்கா பண்ணப் போறேன்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீ இன்னா பண்ணுவன்னு எனுக்கு தெரியாது. அதான் கிழிக்கிறேன்."

என் முகத்துக்கு நேரேதான் சொன்னார். எனக்கு அவரைப் பிடிக்காமல் போனதற்கு அதுவே போதும்.

வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கையில் ஆண்கள் கட்டுகிற பெரிய வாட்ச், தோளில் ஒரு பை, வெயிலோ மேகமோ எப்போதும் ஒரு குடை. படப்பிடிப்பில் போடுகிற சோற்றைத் தொடமாட்டார், தூக்கில் தயிர்சோறு கொண்டுபோவார். தன் ஆட்களைச் சாப்பிட விடுவதற்கு முன்னால் சமையல்காரரை ஒரு வாய் சாப்பிடச் சொல்லிப் பார்ப்பார் என்று ஊரில் பேச்சு உண்டு. நானே ஒருமுறை பார்த்தேன். அந்தச் சமையல்காரர் முறைத்துக்கொண்டே சாப்பிட்டார்.

எதற்கெடுத்தாலும் ஒரே கேள்விதான். "சீனு இன்னா?" ரேஷன் கடையில் கூட்டம் நின்றால் அதைத்தான் கேட்பார். நகராட்சி ஆட்கள் பஸ் ஸ்டாண்டில் டேப் பிடித்து அளந்தபோதும் போய்க் கேட்டார். எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று புது போட்டோ ஒன்றைப் பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்தேன். அதை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இத்த அவனுங்க ஊட்ல யாரு யாரு பாப்பாங்க? பாத்துட்டு திருப்பி குடுப்பாங்களா?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தப் போட்டோ கடைசிவரை திரும்பி வரவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கேள்வி எங்கே பிறந்தது என்று அவரே ஒரு கதை சொல்வார். முதல்முதலில் அவரும் கூட்டத்தில் ஒரு ஆளாகத்தான் போனாராம். கையில் கட்டையைக் கொடுத்து, "கத்திகிட்டே ஓடுங்க" என்று மைக்கில் சொன்னார்களாம். எதற்கு ஓடுகிறோம் என்று யாரும் கேட்கவில்லை. படம் வந்த அன்று தெருவே கிளம்பி, பிரியாணிப் பொட்டலத்தோடு தியேட்டருக்குப் போயிருக்கிறது. திரையில் பார்த்தால், கதாநாயகியின் வீட்டைக் கொளுத்த ஓடுகிற காலிக் கூட்டம் இவர்கள்தான். வெள்ளை வெளேரென்று கதாநாயகன் வந்து ஒவ்வொருவராகப் போட்டு மிதிக்கிறான். அடி விழ விழ தியேட்டரில் விசில். அக்காவின் அண்ணன் மிதிபடும்போது விசிலடித்தது அந்த அண்ணனுடைய மகனே. அன்றைக்கு எழுந்து வெளியே வந்தவர், இனிமேல் சீன் என்னவென்று சொல்லாமல் ஒரு ஆளைக்கூட வண்டியில் ஏற்றுவதில்லை என்று முடிவெடுத்தாராம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நான் இதை மூன்று முறை கேட்டிருக்கிறேன். ஒருமுறை தியேட்டர் ஆரணியில் இருந்தது, அடுத்தமுறை வேலூரில். மிதிபட்டது ஒருமுறை அண்ணன், இன்னொருமுறை வீட்டுக்காரர். கேட்டால், "ரெண்டு பேரும்தான் மிதி வாங்குனாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்பது உண்மை. ஒவ்வொரு படப்பிடிப்புக்கு முன்னாலும் இயக்குநர் யாராக இருந்தாலும் நேரே போய்க் கேட்பார். சில பேர் சொல்வார்கள், சில பேர் துரத்துவார்கள். துரத்தினால் வேனைத் திருப்பிவிடுவார். சொன்னால், வந்து தன் ஆட்களையெல்லாம் உட்காரவைத்துத் தன் வாயால் திருப்பிச் சொல்வார். எங்கள் பக்கத்துப் பெண்கள் அதற்காகவே போவார்கள். படத்தைவிட அக்கா சொல்கிற கதை ஷோக்காக இருக்கும் என்பார்கள். இயக்குநர் சொன்னதைத்தான் சொல்கிறாரா என்று யாருக்குத் தெரியும்? எனக்கு அந்தச் சந்தேகம் வர ஒரு பட்டுப்புடவை விளம்பரம் காரணமாக இருந்தது.

நெசவுத் தெருவிலேயே எடுத்தார்கள். தறியில் ஓடுகிற கைகள் மட்டும் இந்த ஊர்க் கைகளாம், புடவை கட்டுகிற பெண் மும்பையிலிருந்து வருகிறாளாம். பின்னால் கல்யாணக் கூட்டமாக நிற்க நாற்பது பேர் வேண்டும் என்று கேள்விப்பட்டு, எங்கள் சித்தியின் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு காலையிலேயே போய் நின்றேன். அக்கா வரிசையில் வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ போம்மா. கல்யாண சீன்ல இன்னிக்கி வயசானவங்கதான் கேக்கறாங்க."

எனக்கு முன்னால் அவர் எடுத்துக்கொண்ட பெண்ணுக்கு இருபது வயது. அவள் சிவப்பு. நான் கறுப்பு. இதைப் புரிந்துகொள்ள பி.காம். வேண்டியதில்லை. இத்தனைக்கும் அக்கா என்னைவிடக் கறுப்பு. நின்றிருந்த ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் போய் அழுதுவிட்டுக் கடையைத் திறந்தேன். இரண்டு நாள் கழித்து ஆதார் அட்டைகளோடு வந்தார்.

"வயசானவங்கதான்னு ஏன் டபாய்ச்சிங்க? கறுப்பு வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"கம்பெனிக்காரன் அப்டிதான் சொன்னான். அத்த உன் காதுல போடணுமா? நான் வேற சொன்னேன்."

"சீனு சொல்லாம யாரையும் ஏத்தமாட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரியறீங்க."

"உன்ன நான் ஏத்தவே இல்லியேடி" என்றார்.

அதே அக்கா அடுத்த கோடையில் எனக்கே முதல் போன் போட்டார். வெள்ளைக்காரன் காலத்துப் படம். பஞ்சக் கூட்டம். கறுப்பா, ஒல்லியா, கண்ணு பெருசா வேணும் என்று கேட்டிருக்கிறார்களாம். கல்யாணத்துக்கு ஆகாத கறுப்பு பஞ்சத்துக்கு ஆகிறது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன். வருகிறேன் என்றும் சொன்னேன். திரையில் ஒருமுறையாவது என் முகம் வரவேண்டும் என்று ஆசை, மறைப்பானேன்.

அப்பாவிடம் சொன்னேன். நைனா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் தாத்தா காலத்தில், அறுப்பு முடிந்து களத்தில் கூலி நெல்லை அளந்து போடுவதற்கு முன்னால் நிலத்துக்காரர் காலில் குடும்பத்தோடு விழுந்து எழவேண்டும். நைனாவுக்கு இருபது வயது ஆனபோது அவரும் காலனிப் பையன்கள் நாலைந்து பேரும் விழமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். அந்த வருஷம் நெல் கிடைக்கவில்லை. அதற்கப்புறம் எங்கள் காலனியில் யாரும் யார் காலிலும் விழுந்ததில்லை. கல்யாணத்தில் பொண்ணு மாப்பிள்ளைகூடப் பெரியவர்களைக் கைகூப்பிக் கும்பிடுவதோடு சரி.

"வெள்ளைக்காரன் காலத்து படமா?" என்றார் நைனா. "போறதுன்னா போ. கால்ல கீல்ல வுழ சொன்னா வுழாத. படத்துல வுழுந்தாலும் வுழுந்ததுதான்."

"வுழமாட்டேன் நைனா" என்றேன்.

இரண்டு நாள் கழித்து அந்தப் படத்தின் உதவி இயக்குநர் ஒரு பெண், எங்கள் கடைக்கே சீன் பேப்பரை நகல் எடுக்க வந்தாள். பத்து செட். பேப்பர் வெளியே வர வர நான் படித்தேன். துரை மாட்டு வண்டியில் தானிய மூட்டைகளோடு வருகிறார். கை உயர்த்திப் பேசுகிறார். மக்கள் கதறிக்கொண்டு அவர் காலில் விழுகிறார்கள். தெளிவாக அச்சடித்திருந்தது.

அன்று சாயங்காலமே அக்காவைப் பிடித்தேன். "கால்ல வுழற சீன் இருக்குதாக்கா?"

"யாரு சொன்னது? அதெல்லாம் ஒன்னுமில்ல."

"டைரக்டர கேட்டீங்களா?"

"கேட்டேன், சொன்னாரு. துரை வராரு, நீங்க பாக்கறீங்க. அவ்ளோதான் சீனு."

கண்ணைச் சிமிட்டாமல் சொன்னார். பொய் என்று எனக்குத் தெரியும். கம்பெனிக்காரனிடம் ஆள் எண்ணிக்கைக்கு ஒப்புக்கொண்டுவிட்டார், காலனி ஆட்களிடம் உள்ளதைச் சொன்னால் பாதிப் பேர் வரமாட்டார்கள், அதனால் மறைக்கிறார் என்று நினைத்தேன். இதை நான் நாலு பேரிடம் சொல்லியிருக்கலாம். நைனாவிடமாவது சொல்லியிருக்கலாம். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்னைப் போகவிடமாட்டார். எல்லாரும் விழுந்தாலும் நான் விழாமல் நின்றுகொள்ளலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

கமண்டல நாக நதியில்தான் எடுத்தார்கள். மழை பெய்யும்போது தவிர அதில் மணல்தான், பஞ்சத்துக்கு என்று தனியாக ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை. இயக்குநர் வெளிநாட்டில் படித்த இளைஞர், தொப்பியும் தாடியுமாக இருந்தார். நல்ல மாதிரிதான், எல்லாரையும் வாங்க போங்க என்றார். "இது நம்ம கதைங்க. இத்தனை நாள் அவங்க நம்மளைப் பார்த்து எடுத்தாங்க. இப்ப நம்ம பார்வையில நாம எடுக்கறோம்" என்று மைக்கில் பேசினார். நாங்கள் கை தட்டினோம். அக்கா மட்டும் குடைக்குள் நின்றுகொண்டு, "நம்ம பார்வைன்னா யாரு பார்வ?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார்.

மேக்கப் டென்ட்டில் நம்பர் போட்ட ஒரு கலர் அட்டை தொங்கியது. கூலி ஏழாம் நம்பர் என்று சொல்லி என் கையில் ஒரு கறுப்புப் பசையைத் தேய்க்க வந்தார்கள். என் கறுப்பு அவர்களுக்குப் பத்தவில்லை. அக்கா நடுவில் கையை விட்டார்.

"இது ஒரிஜினல் சார். இதுக்கு மேல இன்னாத்துக்கு?"

"கேமராவுக்குத் தெரியணும்மா."

"அப்ப கேமராவ மாத்துங்க."

மேக்கப்மேன் சிரித்துவிட்டு எனக்குக் கொஞ்சமாகத் தடவி அனுப்பினார். பக்கத்து நாற்காலியில் துரை வேஷக்காரருக்கு வெள்ளைப் பவுடர் அப்பிக்கொண்டிருந்தார்கள். ஆசிரமத்தோடு தங்கிவிட்ட அந்த வெள்ளைக்காரரையும் அக்காதான் திருவண்ணாமலையிலிருந்து கூட்டிவந்திருந்தார். எந்த நாடு என்று கேட்டால் மலை இருக்கும் திசையைக் காட்டுவார். பன்னிரண்டு வருஷமாக அங்கே செருப்பில்லாமல் நடந்து அவர் முகம் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. வெள்ளைக்காரனுக்கும் வெள்ளை பத்தாத ஊர் அது.

டீ நேரத்தில் ஒரு கூத்து நடந்தது. எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர், அரிசி மில்லில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர், நரைத்த தாடியோடு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். துரை கோட்டும் தொப்பியுமாகப் போய், தொப்பியைக் கழற்றிவிட்டு அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அங்கே ஆசிரமத்தில் பழகிய பழக்கம் போலிருக்கிறது. பெரியவர் துள்ளி எழுந்து நாலடி பின்னால் போய்விட்டார்.

"இன்னா வேணுமாம் இவருக்கு? எங்கிட்ட ஒன்னுமில்லியே" என்றார். எல்லாரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. துரையைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ கண்டித்தார்.

பிறகு எங்களை மணலில் உட்காரவைத்துச் சீன் சொன்னார். நான் முன்வரிசையில் உட்கார்ந்தேன். இப்போதாவது உண்மையைச் சொல்கிறாரா பார்ப்போம் என்று இருந்தேன்.

"ஊட்ல ஒரு வாரமா சோறு இல்ல. கொழந்தைங்க சுருண்டு படுத்துகினு இருக்குதுங்க. தொர வண்டில மூட்ட எத்துகினு வராரு. கைய தூக்கி பேசுவாரு, பேசட்டும். ஆனா மூட்டைல இருக்கறது நெல்லு இல்ல, உமி. உங்கள ஏமாத்த வராரு. வண்டிய பாத்தா உங்களுக்கே தெரியும். மூட்டைய பாருங்க. அப்பால அவர் மூஞ்ச பாருங்க. அவ்ளோதான் சீனு."

எங்களில் பாதிப் பேர் அரிசி மில்லில் வேலை செய்கிறவர்கள். தூரத்தில் நின்ற மாட்டு வண்டியை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர் நெற்றியில் கைவைத்து ஒரு பார்வைதான் பார்த்தார்.

"ஆமா, உமிதான். நெல்லுன்னா அடி மூட்ட அமுங்கும். இது பொம்முனு நிக்குது. மாட்டுக்கு ஒரு சொட்டு வேர்வ இல்ல."

உண்மையிலேயே அதற்குள் உமிதான் இருந்தது. கம்பெனிக்காரர்கள் அந்த மில்லிலேயே உமி வாங்கி நிரப்பியிருந்தார்கள். படத்துக்கு அது நெல். எங்களுக்குப் பார்த்த உடனே உமி. ஒரு மூட்டையில் எதை அடைத்தால் எப்படி உட்காரும் என்று தெரியாதவர்கள் எடுக்கிற பஞ்சம் அது. அக்கா அதைக் காலையிலேயே கவனித்திருக்கிறார்.

வண்டி வந்தது. துரை எழுந்து நின்று கையை உயர்த்தி ஏதோ பேசினார். கேமரா எங்கள் பக்கம் திரும்பியது. மைக்கில் அந்த உதவி இயக்குநர் பெண்ணின் குரல் வந்தது.

"இப்ப விழுங்க. எல்லாரும் துரை கால்ல விழுங்க."

யாருக்கும் புரியவில்லை. முன்னால் இரண்டு பெண்கள் பாதி குனிந்தார்கள். பெரியவர் சத்தமாகவே கேட்டார், "உமிக்கா?" குனிந்தவர்கள் நிமிர்ந்துவிட்டார்கள். "விழுங்க, விழுங்க" என்று மைக் கத்திக்கொண்டே இருந்தது. இருநூறு பேரும் மூட்டையைப் பார்த்தார்கள், துரை முகத்தைப் பார்த்தார்கள், திரும்ப மூட்டையைப் பார்த்தார்கள். நான் மட்டும் கேமராவுக்குப் பக்கத்தில் குடையோடு நின்ற அக்காவைப் பார்த்தேன். அதெல்லாம் ஒன்னுமில்லைன்னு சொன்னியே, எங்களை இங்கே கூட்டிவந்து இதுக்குத்தான் நிற்கவைத்தாயா என்று வயிறெரியப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இயக்குநர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அக்காவிடம் வந்தார். "சீன் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார்."

"அப்புறம் ஏன் யாருமே விழலை?"

"மூட்டைய பாத்துட்டாங்க சார். அரிசி மில்லு ஊருல வந்து உமிய கட்டி வச்சிருக்கீங்க. உமிக்கு எப்டி சார் வுழுவாங்க? நீங்க நெல்லு போட்டிருக்கணும்."

அவ்வளவு அப்பாவியாகச் சொன்னார். இயக்குநர் போய் கேமராவோடு இணைத்திருந்த சின்ன டிவியில் எடுத்ததைப் போட்டுப் பார்த்தார். மூன்று முறை பார்த்தார். அப்புறம், "ஓகே. இதுவே இருக்கட்டும்" என்றார்.

படம் ஓடிடியில் வந்தது. போஸ்டரில் என் முகம். ஏழாம் நம்பர் கறுப்போடு, கண் இரண்டும் தீயாக. பத்திரிகைகளில் எழுதினார்கள். அடிமைப்பட்ட மக்கள் தங்களை ஆண்டவனின் கண்ணைத் திருப்பிப் பார்க்கும் பார்வை என்று ஒருவர் எழுதியதைக் கடைக்கு வந்த ஒரு காலேஜ் பையன் நகல் எடுத்தான். என்னிடமே இரண்டு காப்பி கேட்டான், அது நான்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்தக் கறுப்புப் பசையைத் தடவினால்தான் என்னை அடையாளம் தெரியும் போல. இயக்குநர் பேட்டியில், "சரித்திரம் அவர்களை விழவைத்தது, நான் அவர்களிடம் விழாதீர்கள் என்று சொன்னேன்" என்றார். அவர் மைக்கில் விழுங்க விழுங்க என்று கத்தவைத்தது என் காதில் இன்னும் இருக்கிறது. நான் வெள்ளைக்காரனை முறைத்தேனாம். நான் முறைத்தது ஏஜென்ட் அக்காவை.

இதெல்லாம் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. நைனா அந்த இடத்தை என் போனில் பார்க்கும்வரை. பார்த்துவிட்டு இன்னொருமுறை போடச் சொன்னார். அடுத்த நாளிலிருந்து டீக்கடையில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். "வுழ சொன்னாங்க. என் பொண்ணு வுழல. காலனிக்காரங்க ஒருத்தர்கூட வுழல." எனக்கு அதைக் காதுகொடுத்துக் கேட்கமுடியவில்லை. நாங்கள் எதற்கு விழவில்லை என்று எனக்குத் தெரியும். நைனாவுக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். நெசவுத் தெருவில் ஒரு தறிக்கூடத்துக்குப் பின்னால் ஒற்றை அறை. பக்கத்தில் தறிச் சத்தம் ஓயாமல் கேட்டது. அக்கா தரையில் உட்கார்ந்து போனில் இருந்த ஆட்களின் போட்டோக்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். கம்பெனி வேறு ஏஜென்ட்டுக்கு மாறிவிட்டதாம். படம் நன்றாக வந்தாலும், நெல்லு போட்டிருக்கணும் என்று இயக்குநரிடமே அக்கா சொன்னது அவர்களுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

"வுழற சீன் இருக்குதுன்னு உங்களுக்கு தெரியும்தானே?" என்றேன்.

"தெரியும்."

"அப்ப ஏன் எங்ககிட்ட மறச்சிங்க? ஓடுன்னா ஓடு, அழுன்னா அழுன்னு சொல்றாங்களே, அவங்களுக்கும் உங்களுக்கும் என்னா வித்தியாசம்?"

"உள்ளத சொன்னா பாதி பேரு வரமாட்டாங்க. வந்தவங்கள்ல பாதி பேரு பயந்துகினு வுழுந்துடுவாங்க. மைக்ல கத்துனா நம்ம ஜனம் தாங்காது. வுழாதீங்கன்னு சொன்னா அதுக்கும் பயப்படும். உமின்னு சொன்னா நிமிந்து பாக்கும். பாத்துச்சா இல்லியா?"

"எங்கள நம்பல நீங்க."

"நம்பல."

இதைச் சொல்லும்போதும் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எனக்கு வந்தது கோபம்தான்.

"எங்க நைனா வுழமாட்டேன்னு நின்னப்ப அவருகிட்ட யாரும் வந்து உமின்னு சொல்லலக்கா. களத்துல இருந்தது நெல்லு. கண்ணெதிர குமிச்சி வச்சிருந்தாங்க. தெரிஞ்சிதான் வுழல. இப்ப அவரு ஊரெல்லாம் என் பொண்ணு வுழலன்னு சொல்லிகினு இருக்காரு. நாங்க வுழாதது உமிக்கு. மூட்டைல நெல்லு இருந்திருந்தா என்னா பண்ணியிருப்போம்?"

அக்கா போனைத் தரையில் கவிழ்த்து வைத்தார்.

"உங்க நைனாவுக்கு அப்ப எத்தினி கொழந்தைங்க?"

"கல்யாணமே ஆவல. இருபது வயசு."

"எனுக்கு ரெண்டு" என்றார். "வுழுந்தேன். மூட்டைல நெல்லுதான் இருந்துச்சி."

யார் காலில் என்று நான் கேட்கவில்லை.